இடது பொட்டில் மேட்டூர் மழை

எனக்கு ஒற்றைத் தலைவலி வருவதற்கு முன்னால் மனிதர்களின் பாதி முகம் காணாமல் போகும். எதிரே பேசிக்கொண்டிருப்பவரின் ஒரு கண், அரை மூக்கு, மீசையின் ஒரு பக்கம் எல்லாம் அழிந்து, அந்த இடத்தில் ஒன்றுமில்லாத ஏதோ ஒன்று நிற்கும். கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. பிறகு அதன் ஓரத்தில் ரம்பப் பல் போல ஒரு கோடு மினுங்கத் தொடங்கும். வளையும், பெருக்கும், நகர்ந்து நகர்ந்து பார்வையின் விளிம்பில் போய் விழுந்துவிடும். விரல் நுனிகளில் எறும்பு ஊரும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமே இருக்காது. அந்தக் கொஞ்ச நேரம்தான் கொடுமை. விருந்தாட வரும் ஒறம்பரையின் கார் வாசலில் வந்து நின்றுவிட்டது, கதவு இன்னும் திறக்கவில்லை, அப்படி ஒரு நேரம். அதற்குப் பிறகு இடது நெற்றிப்பொட்டில் வலி இறங்கும். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வரும், சம்மணம் போட்டு உட்காரும், பொழுது சாயும்வரை எழுந்திருக்காது.

திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருக்கும் ஒருவரிடம் ஆபீஸ் பார்க்கிறேன். வண்டிகள் எங்கோ வடக்கே பாறையைத் துளைத்துக்கொண்டிருக்கும். அங்கிருந்து டிரைவர் போனில் டீசல் என்று கத்துவார், துளைக்கிற பிட்டு தேய்ந்துவிட்டது என்று கத்துவார், அவருக்குப் பின்னால் கம்ப்ரஸர் கத்தும். என் பொட்டுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதே தொழில்தான். எனக்குள் துளைப்பவனுக்கு மட்டும் எத்தனை அடி போனாலும் தண்ணீர் வந்ததில்லை, வண்டியைக் கிளப்பிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிற எண்ணமும் வந்ததில்லை.

கல்யாணமாகி வெகு காலத்துக்கு என் மனைவி வீட்டில் இந்த வலிக்கு மரியாதை கிடையாது. "படிச்சவீங்களுக்கு வர்ற நோக்காடு" என்று மாமியார் ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் வைத்தியத்தில் குறை வைக்கமாட்டார். சுக்கை உரைத்துப் பத்துப் போடுவார், நொச்சித்தழையை வேகவைத்துப் போர்வைக்குள் என்னையும் சட்டியையும் சேர்த்து மூடுவார். ஒருமுறை யாரோ சொன்னார்கள் என்று எலுமிச்சம்பழத்தை உச்சந்தலையில் வைத்துத் துண்டால் கட்டிவிட்டு, "அசையாதீங் மாப்ள, பழம் வலிய உறிஞ்சிட்டு இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். பிற்பகல் முழுக்க ஒரு பழத்துக்குக் காவலாக உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் அவிழ்த்து எடுத்து, முகர்ந்து பார்த்துவிட்டு, ரசத்துக்குப் பிழிந்துவிட்டார். என் வலியை அன்றிரவு குடும்பமே உறிஞ்சிக் குடித்தது. நன்றாக இருக்கிறது என்றார்கள்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், மல்லசமுத்திரம் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ மில் வைத்திருக்கிறார். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து, சிமெண்டுக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். மெஷின் வைத்துக் காயவைக்கிற பெரிய மில்கள் இருக்கின்றன. மச்சானுடையது வெயிலை நம்பிய மில். காய்ந்துகொண்டிருக்கும் மாவின்மேல் ஒரு மழை விழுந்தால் போதும், களமே கஞ்சித் தொட்டியாகி, சாக்கடை வழியே வெள்ளையாக ஓடிப் போய்விடும். அதனால் அந்தக் களத்தின் ஓரங்களில் எப்போதும் தார்ப்பாய்கள் சுருட்டிக் கிடக்கும், மச்சானின் கழுத்து எப்போதும் மேலே நிமிர்ந்தே இருக்கும். அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் தங்கை நலம் விசாரிப்பார்.

ஒரு மாசி மாதப் பகலில் ஏதோ வேலையாக அந்த மில்லுக்குப் போனேன். காலையில் சாப்பிடவில்லை. களம் முழுக்க மாவு, அதன்மேல் உச்சி வெயில். பூமியே கண்ணாடியைத் திருப்பி முகத்தில் அடிப்பது போன்ற வெளிச்சம். புளித்த கிழங்குத் தண்ணீரின் வாடை வேறு. எதிரே வந்த மச்சானின் முகத்தில் பாதி காணாமல் போனது. சரி, கார் வந்துவிட்டது, இனிக் கதவு திறக்கும். எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் இருட்டு. எங்கே என்று தேடினேன். களத்தோரம் தார்ப்பாய்ச் சுருள் ஒன்று கிடந்தது. கறுப்பாக, கனமாக, கடவுள் போலக் கிடந்தது. ஓடிப்போய் அதை இழுத்தேன். அடியில் புகுந்து படுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

களத்து வேலைக்கு மேஸ்திரியாக ஒரு அம்மா இருந்தார். முண்டாசு கட்டியிருப்பார், அவருடைய குரல் மில் சைரனுக்கு அக்கா. நான் தார்ப்பாயை இழுப்பதைப் பார்த்ததும் அவர் போட்ட கூச்சல் என் மண்டைக்குள் இன்னும் தங்கியிருக்கிறது.

"அடியே, மாப்ளயே தார்பாய இழுக்கறாருடி! மழடி! ஓடியாங்கடி!"

ஊர் மாப்பிள்ளை தார்ப்பாயைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. தொடுகிறார் என்றால் பிரளயம்தான் என்று அவர்கள் முடிவு கட்டியதில் தவறு சொல்ல முடியாது. நாலா பக்கத்திலிருந்தும் பெண்கள் ஓடி வந்தார்கள், பாய்கள் பறந்தன, களம் மூடப்பட்டது. நானும் சேர்த்து மூடப்பட்டேன். நிர்மலமான நீல வானத்தின் கீழே மச்சான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றதை மேஸ்திரியம்மா பிற்பாடு நடித்துக் காட்டினார். "எவடி மூடச் சொன்னவ?" என்று அவர் கேட்டு வாயை மூடுவதற்குள் மேற்கே இடித்தது. கொஞ்ச நேரத்தில் கோடை மழைக்கு முந்திக்கொண்ட ஒரு மழை, ஆலங்கட்டியும் சேர்த்து, தார்ப்பாயின்மேல் பறையடித்தது. என் வாழ்நாளில் கேட்ட சத்தங்களிலேயே மோசமான சத்தம் அதுதான். மாவோடு மாவாகப் படுத்துக்கொண்டு, செத்துப்போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுற்று வட்டாரத்தில் அன்று எல்லாக் களமும் கஞ்சியாகியிருந்தது. மச்சானுடையது தவிர.

பாயை விலக்கி என்னை எடுத்தபோது நான் முழுக்க வெள்ளையாக இருந்தேனாம். மச்சான் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல்முறையாக வானத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

"எப்படிங் மாப்ள தெரிஞ்சுது?"

"தலைவலி, மச்சான்."

"தலைவலி வந்தா மழ வருமுங்களா?"

அந்த நிலைமையில் வாயைத் திறந்தால் வாந்தி வரும். தலையை மட்டும் அசைத்தேன். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று எனக்கே தெரியாது. மச்சான் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலிருந்து போன் தொடங்கியது. பல் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வரும். "மாப்ள, தல எப்படிங்?" நன்றாக இருக்கிறது என்றால், "அப்ப பரப்பச் சொல்லீரட்டுங்களா?" என்பார். லேசாக இருக்கிறது என்றால், "லேசுன்னா தூறலுங்களா, மழைங்களா?" என்பார். செல்போனிலேயே மழை நிலவரம் வருகிறதே என்று சொல்லிப் பார்த்தேன்.

"அட போங் மாப்ள. செல்லு என்னங்குது? சேலத்துல மழைங்குது. சேலம் எம்மாம் பெருசு! உங்க தல நம்ம களத்துக்குன்னே சொல்லுதுங்க."

இதில் விபரீதம் என்னவென்றால், அடுத்தடுத்து இரண்டு முறை பலித்துவிட்டது. கோடைப் பருவம் வேறு. அந்த மாதங்களில் இங்கே பகலில் வெந்து பொழுதோடு, சாயங்காலமானால், இடிப்பது வழக்கம்தான். ஆனால் வலிக்கிற தலைக்கும் இடிக்கிற வானத்துக்கும் நடுவில் ஒரு கம்பி ஓடுவதாக மச்சான் நம்பிவிட்டார். மரியாதை ஏறத் தொடங்கியது. படிச்சவன் நோக்காடு என்று சொன்ன அதே மாமியார் இப்போது வருகிறவர்களிடம், "எங்க மாப்ளைக்கு மேக அறிவுங்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பந்தியில் என் இலைக்கு முதலில் பரிமாறினார்கள். பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் கேட்டார், மஞ்சள் காயப்போட்டவர் கேட்டார், வெட்டவெளியில் பந்தல் போட்டு மகளுக்குச் சீர் வைத்தவர் முந்தின நாளே பழத்தட்டோடு வந்து என் தலையைப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த ஒன்றை ஊரே வந்து குசலம் விசாரிப்பதில் ஒரு கிறுகிறுப்பு இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு தொழில்நுட்பம் வந்தது. மேகம் கட்டுகிற நாட்களில் ஆபீசுக்கே கார் அனுப்பி என்னை மில்லுக்குக் கூட்டிப்போனார்கள். ரிக் முதலாளிக்கும் மச்சானுக்கும் பழக்கம் உண்டு. "போய்ட்டு வாங்க, அவீங்க களம் பாவம்" என்று அனுப்பிவிடுவார். களத்தின் ஓரத்தில் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வடக்குப் பார்த்து. வடக்கு ஏன் என்றால், மச்சான் ஒரு கணக்குக் கண்டுபிடித்திருந்தார். வடக்கே பார்த்து உட்கார்ந்தால் இடது பக்கம் மேற்கு. ஆகவே இடது பொட்டு வலித்தால் மேட்டூர்ப் பக்கத்து மழை. வலது பக்கம் கிழக்கு. வலது பொட்டு வலித்தால் கொல்லிமலை மழை. நாற்காலிக் கால்கள் நகராமலிருக்கச் சிமெண்டுத் தரையில் பெயிண்டால் நாலு வட்டம் போட்டிருந்தார்.

மேஸ்திரியம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகம் இருந்தது. முண்டாசை அவிழ்த்து உதறிக்கொண்டே கேட்டார்.

"ஏனுங் மொதலாளி, மாப்ள எந்திரிச்சுத் தெக்க பாத்து நின்னுட்டாருன்னா மேட்டூரு கொல்லிமலைக்குப் போயிருமுங்களா?"

"உன்ற சோலியப் பாரு நீ."

"இல்லீங், குப்புறப் படுத்துட்டாருன்னா மழ பூமிக்குள்ளாற இருந்து வருமாட்ட இருக்குதேன்னு கேட்டனுங்."

களமே சிரித்தது. மச்சான் சிரிக்கவில்லை. அவர் நாற்காலியைத் தொட்டுப் பார்த்து, வட்டத்துக்குள் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டார்.

மணிக்கணக்கில் அங்கே உட்கார்ந்திருப்பேன். கண்ணெதிரே வெள்ளைக் களம், அந்த வெயில், அந்த வாடை. இளநீர் கொடுப்பார்கள், சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது. காபி கேட்டால் மாமியார், "காப்பி குடிச்சா தல மரத்துப் போயிருமாமுங், பொழுதோட குடிச்சுக்கலாம்" என்பார். தினமும் இரண்டு வேளை காபி குடித்துப் பழகிய தலை அது. சாதாரண மனிதனை இப்படி உட்கார வைத்தாலே வலிக்கும். எனக்கு வலிக்காமல் என்ன செய்யும்? வலித்தது. தார்ப்பாய் போட்டார்கள். சில நாள் மழை வந்தது, பல நாள் வரவில்லை. வராத நாட்களில் மூடிக்கிடந்த மாவு புழுங்கிப் புளித்தது. மச்சான் என் தலையைக் கோபித்துக்கொள்ளவில்லை. மேகத்தைத்தான் கோபித்துக்கொண்டார். "கெளம்பிருச்சுங் மாப்ள, ராசிபுரத்துப் பக்கம் திருப்பி விட்டுட்டானுங்க" என்பார். யார் திருப்பிவிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

வலியைத் தாங்குவதற்கு மாத்திரை போட்டேன். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் கொடுப்பார்கள். முன்பெல்லாம் வலி வந்தால் போடுவது. இப்போது கார் வந்தால் போட்டேன். அப்புறம் கார் வரலாம் என்று தோன்றினால் போட்டேன். ஒரு கட்டத்தில் எழுந்ததும் பல்பொடி, மாத்திரை, மச்சான் போன் என்று வரிசை ஆகிவிட்டது. வலி வேறு மாதிரி ஆனது. முந்தைய வலிக்கு ஒரு நடத்தை இருந்தது. வரும், உட்காரும், போகும். போனபின் உலகம் கழுவிவிட்ட வாசல் போல இருக்கும், வேப்பமரத்தின் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரியும், பசிக்கும், யாரையாவது கட்டிக்கொள்ளத் தோன்றும். இந்தப் புது வலி போகவே இல்லை. மங்கலாக, தகரத்தை மண்டையைச் சுற்றி வளைத்து ஆணியடித்த மாதிரி, விடிந்ததிலிருந்து இருந்தது. வேப்பமரம் ஒரே பச்சைக் கறையாக நின்றது. ஒரு நாள் ஆபீசில் பீகாரிலிருந்து டிரைவர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சொன்ன ஊரின் பெயரைத் திருப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல் எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, கை எட்டவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வலியை விட்டுத்தள்ளலாம். சொல்லே போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

அன்று சாயங்காலம் என் மனைவி மாத்திரை அட்டைகளைக் குப்பைக்கூடையிலிருந்து பொறுக்கி மேசைமேல் அடுக்கி வைத்திருந்தாள். திட்டவில்லை.

"நாளைக்குச் சேலம் போறோம். நரம்பு டாக்டருகிட்டச் சொல்லியாச்சு" என்றாள்.

"அண்ணன்கிட்ட..."

"அண்ணனுக்கென்ன, அவுரு தலையா வலிக்குது?"

ஆனால் அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கார் வாசலில் நின்றது. மில்லுக்கு அல்ல, எங்களோடு ஆஸ்பத்திரிக்கு. "தங்கச்சி, நானும் வாரேன்" என்று முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். மல்லூர் தாண்டியதும் மெல்லத் திரும்பினார்.

"இல்லீங் மாப்ள, வைத்தியம் பண்ண வேண்டாங்கல. சீசன் முடியட்டும். களம் ஓஞ்சதும் ராசாவாட்டப் பண்ணிக்கலாம். அதுவரைக்கும் தல இப்படியே இருக்கட்டுமுங்."

"ஏண்ணா, எங்கூட்டுக்காரரு தல உனக்கென்ன குத்தகைக்கு உட்டதா?" என்றாள் என் மனைவி.

"அட, குடும்பத்துக்குப் பொதுவுல ஒரு தல இருக்கட்டுமேன்னேன்."

டாக்டர் எங்களைவிடச் சின்ன வயதுப் பெண். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார், சுத்தியலால் முழங்காலில் தட்டினார், ஒரு நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்டி நடக்கச் சொன்னார். பேச்சு வராமல் போனதைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். எத்தனை நேரம் இருந்தது, முன்னால் இப்படி வந்திருக்கிறதா, கை கால் ஒரு பக்கம் வலுவிழந்ததா என்று. ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றார். அது முடிந்து, பயப்பட ஒன்றுமில்லை என்று ஆன பிறகு பேச உட்கார்ந்தார். எப்போது வலிக்கிறது என்று அவர் என்னைக் கேட்டார், பதிலை என் மனைவி சொன்னாள். பசியில், வெள்ளைக் களத்தில், வெயிலில், அந்த வாடையில், காபி இல்லாத காலையில், தூக்கம் கெட்ட மறுநாள். சொல்லச் சொல்ல மச்சான் தன் நாற்காலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுத்தார். ஆனால் அடங்கவில்லை.

"மழை, டாக்டர். மழையச் சொல்லு தங்கச்சி."

"மழைக்கும் வரலாம்" என்றார் டாக்டர். "வானிலை மாறும்போது சிலருக்கு வலி வரும். அது உண்மைதான்."

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு பட்டமளிப்பு விழா நடந்தது.

"ஆனா பசிக்கும் வரும், வெயிலுக்கும் வரும்னு இப்பத்தான் சொன்னாங்க. இவரைப் பட்டினி போட்டு வெயில்ல உக்கார வெச்சுட்டு, வலி வந்ததும் மழைனு எடுத்துக்கிட்டா எப்படிங்க? நீங்க பார்த்தது மேகத்தை இல்ல. நீங்க உண்டாக்கின வலியை."

மச்சான் குரலைத் தாழ்த்தி, வியாபாரம் பேசுகிற தொனியில் கேட்டார்.

"ஏனுங் டாக்டரம்மா, மழ வாரது மட்டும் தெரியோணும், வலி இருக்கப்படாது. அந்த மாதிரி மாத்திர ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

திரும்பியபோது முகம் சரியாக இருந்தது. என்னிடம் சொன்னார்: வலி மாத்திரையை வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் போட்டுக்கொண்டே போனால் அந்த மாத்திரையே வலியை உண்டாக்கத் தொடங்கும். இப்போது உங்களுக்கு இருப்பதில் பாதி அந்த வலிதான். நீங்கள் போடுகிற மாத்திரையை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் முதலில் வலி கூடும், தாங்கிக்கொள்ள வேண்டும். வலி வராமல் தடுக்க ராத்திரியில் ஒரு மருந்து எழுதுகிறேன், அது வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், காபி குடித்தால் தினமும் ஒரே அளவு. இது உங்கள் தலையின் சுபாவம், ஒரேயடியாகப் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கையாளலாம். இதில் ஒரு மந்திரமும் இல்லை. எலுமிச்சம்பழம்கூட இல்லை. எனக்கு ஏதோ ஏமாற்றமாக இருந்தது.

வரும் வழியெல்லாம் மச்சான் கார்க் கண்ணாடி வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "எதுக்கும் சீசனு..." என்று ஆரம்பித்தார். என் மனைவி கார்க் கதவைச் சாத்திய வேகத்தில் மீதி வாக்கியம் உள்ளேயே தங்கிவிட்டது.

மாத்திரையை நிறுத்தினேன்.

எப்படி இருந்தது என்று சொல்ல எனக்கு வாயில்லை. திரைச்சீலை போட்ட அறையில் படுத்துக் கிடந்தேன். வடக்கே துளைத்துக்கொண்டிருந்த அத்தனை ரிக்குகளும் ஒரே நேரத்தில் ஊர் திரும்பி என் மண்டைக்குள் பாயிண்ட் குறித்துத் துளைக்கத் தொடங்கிவிட்டன. அடுப்பில் கடுகு வெடிப்பது எனக்குள் வெடித்தது. தெருவில் எவனோ வண்டியை உதைத்தால் என்னை உதைத்தான். மாத்திரை அட்டையின் அந்தச் சின்னக் கிரீச்சொலியைக் கனவில் கேட்டேன். ஒன்றே ஒன்று போட்டால் போதும், இந்தக் கம்ப்ரஸர் நிற்கும். மெடிக்கல் ஐந்தாவது கடை. எழுந்து சட்டைகூட மாட்டினேன் ஒருநாள். பித்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது வாந்தி வந்து, சட்டையைக் கழற்ற வேண்டியதாகி, அத்தோடு நின்றது. மனவுறுதி என்று யாராவது பாராட்டினால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் காப்பாற்றியது வாந்திதான்.

போன் மட்டும் நிற்கவில்லை. என் மனைவிதான் எடுப்பாள்.

"தல எப்படி தங்கச்சி?"

"வலிக்குதுண்ணா."

மறுநாள்:

"இன்னிக்கு?"

"இன்னிக்கும் வலிக்குது."

அவள் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அந்த உண்மை என்ன செய்துகொண்டிருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. மேஸ்திரியம்மா மாமியாரோடு என்னைப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. வாசலிலேயே நின்று, என் அறைக்குக் கேட்டுவிடக்கூடாது என்று தன் குரலைக் குறைத்துச் சொன்னார். அவர் குறைத்த குரல் தெருமுனை டீக்கடைவரை போயிருக்கும்.

"ஏனுங் மாப்ள, களம் தெறந்து எத்தன நாளாச்சு தெரியுமுங்களா? வெயிலு மண்டையப் பொளக்குது. மத்த மில்லுல எல்லாம் மாவு காஞ்சு மூட்ட கட்டியாச்சு. எங்க மொதலாளி மட்டும், 'மாப்ளைக்கு வலி உடல, பெரும் மழ வருது'ன்னு தார்பாய எடுக்க மாட்டேங்கறாரு. அடியில மாவு புளிச்சு, வாட ஊருக் கோயிலு வரைக்கும் போவுது. பூசாரி வந்து சண்ட போட்டுட்டுப் போயிட்டாருங்."

படுத்துக்கொண்டே சிரித்தேன். சிரித்தால் மண்டை தெறிக்கும் என்று தெரிந்தே சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது.

அன்று பொழுதோடு மச்சானே வந்தார். அறையின் வாசற்படியில் நின்று, எட்டிப் பார்த்து, இருட்டுக்குப் பழக்கமாகிறவரை கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது அவர் சட்டையில் புளித்த மாவின் வாடை. நான் தலையணையில் முகத்தைப் புதைத்தேன். புரிந்துகொண்டு எழுந்து, போய்ச் சட்டையைக் கழற்றிவிட்டு, வெறும் உடம்பில் என் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, நீங்க எதுக்கும் சங்கடப்படாதீங்."

"சொல்லுங்க மச்சான்."

"எனக்கு மேகமே புரியாமப் போச்சுங். முன்னால எல்லாம் அண்ணாந்து பாப்பேன், காத்தப் பாப்பேன், தட்டான் பறக்கறதப் பாப்பேன். எங்கப்பனும் அப்படித்தான் பாத்தாரு. இப்ப வானத்தப் பாத்தா ஒண்ணுமே தெரிய மாட்டேங்குதுங். உங்க தல என்ன சொல்லுதுன்னுதான் தோணுது." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "உங்க வலி உட்டாத்தான் எனக்கும் உடுமாட்ட இருக்குது. எப்படியாச்சும் நல்லாப் பண்ணிக்குங்."

கதவருகில் நின்ற என் மனைவி, "சீசன் முடியலையேண்ணா?" என்றாள்.

"கம்முனு இரு தாயி" என்றார் அவர்.

அதற்குப் பிறகு மச்சானின் வைராக்கியம் பக்கம் மாறியது. எதிர்த்தபோது இருந்ததைவிட ஆதரித்தபோது அவர் பெரிய தொந்தரவாக இருந்தார். காலையில் இட்லி நேரத்துக்கு வந்ததா என்று விசாரிக்க ஆள் வரும். மாமியார் காபியை டம்ளரால் அளந்து கொடுத்தார், மிச்சம் வைத்தால் நின்று குடிக்க வைத்தார். எங்கள் தெருவில் கோயில் நோம்பிக்கு ஒலிபெருக்கி கட்ட வந்தவர்களிடம் மச்சான் பேசிப் பேசி, குழாயை வேறு பக்கம் திருப்பிவைத்துவிட்டார். எனக்குக் கறுப்புக் கண்ணாடி வாங்கி வந்தார். அது வெல்டிங் பட்டறையில் போடுகிற கண்ணாடி. போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். கிரில் கதவைப் பற்றவைக்க ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து முதலாளி எழுந்து மாடிக்கு வழி காட்டினார்.

வலி எந்த நாளில் குறைந்தது என்று தெரியாது. அது சொல்லிக்கொண்டு போகவில்லை. ஒரு நாள் காலையில் பல் விளக்கியபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாக நின்றது. பயமாக இருந்தது. அசைந்தால் கலைந்துவிடும் என்று பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே அப்படியே நின்றேன். என் மனைவி பின்னால் வந்து, "என்னாச்சு?" என்றாள். ஒன்றும் ஆகவில்லை என்றேன். உண்மையிலேயே ஒன்றும் ஆகவில்லை.

பழைய வலி இப்போதும் வரும். டாக்டர் சொன்ன மாதிரி, அது என் தலையின் சுபாவம். ஆனால் மாதத்தில் எப்போதாவது வருகிறது, முன்போல மரியாதையாக வருகிறது.

போன ஐப்பசியில் மச்சான் வீட்டில் ஒரு விசேஷம். சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. சாப்பாட்டுக்கு முந்தைய நேரம், பேசிக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மீசையில் பாதி அழிந்தது. ரம்பக் கோடு மினுங்கியது. சுற்றிலும் பார்த்தேன். மச்சான் சமையல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அவர் பார்த்துவிட்டால் பழைய வழக்கம் எங்கே தலை தூக்குமோ என்று ஒரு தூணுக்கு மறைவாக நகர்ந்தேன். சட்டைப்பையில் டாக்டர் இதற்கென்று எழுதிக்கொடுத்த மாத்திரை ஒன்று இருந்தது. வலி உட்காரும்வரை காத்திருக்காதீர்கள், கார் கதவு திறப்பதற்குள் போட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். காரை நான்தான் சேர்த்துக்கொண்டேன். போட்டுக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. பின்கட்டில் நெல்மூட்டை அடுக்கிய அறைக்குப் போய், கதவைச் சாத்தி, குளிர்ந்த தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தேன். என் மனைவி மட்டும் கண்டுபிடித்து வந்தாள். ஈரத்துண்டை மடித்து நெற்றியில் போட்டாள்.

"அண்ணன் கேட்டா என்ன சொல்லட்டும்?"

"தூங்கறாருன்னு சொல்லு."

"கதவ வெளிய தாப்பாப் போட்டுட்டுப் போறேன்" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரங்கள் உருண்டன, குழந்தைகள் ஓடினார்கள், மாமியார் யாரையோ அதட்டினார். எல்லாம் தூரத்தில், வேறு யாருடைய தலையிலோ நடப்பது போலக் கேட்டது. வலி வந்தது. வந்து வாசலில் நின்று, உள்ளே இருட்டைப் பார்த்து, கொஞ்சம் தயங்கியது. அதற்குள் நான் தூங்கிவிட்டேன்.

அன்று மழை பெய்ததா என்று எனக்குத் தெரியாது. எழுந்து வந்தபோது பந்தி முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பசித்தது. எனக்கென்று எடுத்துவைத்திருந்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.